உபதேசியார் எங்கே?

ஒரு பங்கு வளர்ந்திருக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? இக்கேள்விக்கு இன்று நம்மிடையே வழங்கும் விடை மிக எளியது. பழைய கோவிலை இடித்துவிட்டு இரட்டைக் கோபுரத்துடன் புதுக்கோவில் எழுப்பியிருந்தால் பங்கு வளர்ந்திருக்கிறது. சப்பரங்கள் மூன்றிலிருந்து ஐந்தாகியிருந்தால் வளர்ந்திருக்கிறது. திருவிழாவின் ஒன்பது நாள்களுக்கும் வெளியூர்களிலிருந்து ஒன்பது மறையுரையாளர்கள் வந்து போயிருந்தால் இன்னும் வளர்ந்திருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர்கள் பொறிக்கப்பட்டுவிட்டால், அந்த வளர்ச்சிக்கு மறுப்பே இல்லை.

இவற்றுள் எதுவும் தன்னளவில் தீயதன்று. தேரும் சப்பரமும் நம் மக்களின் பக்திக்கு உருவம் தந்தவை. அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் அதே பங்கில் நாற்பது வயதான ஒரு குடும்பத் தலைவரிடம், குழந்தை காய்ச்சலில் கிடக்கும் இரவில் நீர் கடவுளோடு எப்படிப் பேசுவீர், கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும் நாளில் உம் விசுவாசம் உமக்கு என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது. அம்மௌனத்திற்கு அவர் காரணரல்லர். புதுநன்மை வாங்கிய வயதில் அவர் மனப்பாடம் செய்ததற்குப் பின் எவரும் அவருக்கு எதையும் சொல்லித் தரவில்லை. உடல் வளர்ந்தது, குடும்பம் வளர்ந்தது, பொறுப்பும் கவலையும் வளர்ந்தன. விசுவாசம் மட்டும் அச்சிறுவயதிலேயே நின்றுவிட்டது.

தேனி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உள்ள நம் பங்குகளில் ஆன்மிக வளர்ச்சிக்கு இன்று குறைவாயிருப்பது பணமன்று, கட்டடமன்று, குருக்களின் எண்ணிக்கையும் அன்று. உபதேசியார்தாம் இல்லை. அவரை அவருக்குரிய இடத்தில் திரும்ப அமர்த்தாத வரையில் நாம் நடத்தும் தியானங்களும் மாநாடுகளும் பாறைமேல் விழுந்த விதையின் கதியையே அடையும் என்று உறுதியாகக் கருதுகிறோம். இக்கருத்தை மறுப்போர் குருக்களிடையே பலர் உள்ளனர். பொதுநிலையினரிலும் சிலர் உள்ளனர். அவர்களோடு வழக்காடுவதற்காகவே இக்கட்டுரை.

உபதேசியார் இல்லையா, எங்கள் கோவிலில் இருக்கிறாரே என்று உடனே சிலர் கேட்கலாம். இருக்கிறார்தான். அதிகாலையில் கோவிலைத் திறக்கிறார், மணியடிக்கிறார், பெருக்குகிறார், பீடத் துணிகளை விரிக்கிறார், மெழுகுதிரி ஏற்றுகிறார், மாத வரிக்கான நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைகிறார், விருந்தினராக வரும் சாமியாருக்குத் தேநீர் வாங்க ஓடுகிறார். உபதேசிப்பது ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் செய்கிறார். அவர் பெயரில் உள்ள உபதேசம் எங்கே போயிற்று? ஆசிரியர் ஒருவரை வகுப்பறையைக் கூட்டிப் பெருக்க மட்டும் வைத்துக்கொண்டு, எங்கள் பள்ளியிலும் ஆசிரியர் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னால் ஏற்போமா?

இந்நிலை எப்போதும் இருந்ததன்று. 1606இல் தத்துவ போதகர் மதுரைக்கு வந்த நாள் முதல், மதுரை மறைபரப்புத் தளத்தின் வரலாறு குருக்களின் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் குருக்கள் என்பதால் அது இயல்பே. ஆனால் அவர்கள் அனுப்பிய மடல்களைச் சற்று ஊன்றிப் படித்தால், ஒவ்வொரு பக்கத்திலும் உபதேசியார் நடமாடுவதைக் காணலாம். குரு ஓர் ஊருக்கு ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ வந்தார். அவர் வருவதற்கு முன் மக்களை ஒப்புரவுக்கு ஆயத்தம் செய்தவர், வந்து போன பின் அவர் சொன்னதை வீட்டுத் திண்ணைகளில் விளக்கியவர், ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னவர், சாகும் தறுவாயிலிருந்த குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தவர், பகைத்திருந்த பங்காளிகளைப் பேசி ஒன்றுசேர்த்தவர் எல்லாம் உபதேசியாரே. 1686இல் மறவர் நாட்டில் அருளானந்தர் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானபோது, அவரோடு கட்டுண்டு அடிபட்டவர்கள் உபதேசியார்கள். 1693இல் ஓரியூரில் அவர் சிந்திய இரத்தத்தை நாம் ஆண்டுதோறும் விழா எடுத்து நினைவுகூர்கிறோம். அவரோடு அடிபட்டவர்களின் பெயர்களைச் சொல்லத் தெரிந்த பங்கு ஒன்றைக் காட்டுங்கள்.

வீரமாமுனிவரை எடுத்துக்கொள்வோம். தமிழ் விழாக்களில் தேம்பாவணியைப் போற்றுகிறோம். பரமார்த்த குருவின் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். சதுரகராதியைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். அதே முனிவர் உபதேசியார்களுக்கென்றே உரைநடையில் எழுதிய நூல் 'வேதியர் ஒழுக்கம்'. காப்பியம் பாடவல்ல ஒரு பெரும் புலவர் நாட்டுப்புற உபதேசியாருக்காக ஒரு நூலை எழுத நேரம் ஒதுக்கினார் என்றால், அப்பணியை அவர் எவ்வளவு பெரிதாக மதித்தார் என்பது விளங்கும். பிறருக்கு வழிகாட்டுபவர் முதலில் தாம் எப்படி வாழவேண்டும் என்பதே அந்நூலின் அக்கறை. இன்று நம் பங்குகளில் உபதேசியாராக இருக்கும் எத்தனை பேருக்கு அந்நூலின் பெயரேனும் தெரியும்? அவர்களுக்கு அதைத் தெரிவிக்கவேண்டியவர்களுக்குத் தெரியுமா?

1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. அதன்பின் 1838இல் பிரான்சு நாட்டு இயேசு சபையார் மதுரைப் பகுதிக்குத் திரும்பி வரும்வரை ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள். அக்காலத்தில் இப்பெரும் நிலப்பரப்பில் இருந்த குருக்கள் மிகச் சிலர். ஆயினும் விசுவாசம் அழியவில்லை. யார் காத்தார்கள்? பனையோலையிலும் பழந்தாளிலும் எழுதிய செபங்களை வைத்துக்கொண்டு, மாலை நேரத்தில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களும் பாட்டிமார்களும் காத்தார்கள்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய அனுபவமன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டிருந்த இலங்கைக்கு 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கிய யோசேப் வாஸ் அடிகளார், ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமார்களையும் ஏற்படுத்தி, தாம் இல்லாத நாள்களிலும் திருச்சபை மூச்சுவிடும்படி செய்தார். 2015இல் கொழும்பில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். ஜப்பானில் குருக்கள் எவருமின்றி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் 1865இல் நாகசாகியில் வெளிப்பட்டபோது உலகம் வியந்தது. திருமுழுக்குக் கொடுக்க ஒருவர், திருநாள்களைக் கணித்துச் சொல்ல ஒருவர் என ஊர் மக்களுள்ளேயே பொறுப்பாளர்களை வைத்து அவர்கள் விசுவாசத்தைக் காத்திருந்தனர். நம் தமிழ் மண்ணின் புனித தேவசகாயத்தையும் நினையுங்கள். கால்நடைகளை இழந்து மனம் நொந்திருந்த அந்த அரண்மனை அலுவலருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னவர் ஒரு குரு அல்லர். குளச்சல் போரில் சிறைப்பட்டுத் திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி அளித்துவந்த டிலனாய் என்னும் போர்வீரர். பல நாள்கள் நீண்ட அவ்வுரையாடல் முடிந்த பின்னரே 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு நிகழ்ந்தது. துன்பத்தில் இருந்த ஒருவரோடு பக்கத்தில் அமர்ந்து, அவர் துன்பத்திற்குப் பொருத்தமான மறைநூல் பகுதியைத் தேர்ந்து சொல்லத் தெரிந்த ஒரு பொதுநிலையினர் அன்று இருந்தார். 2022இல் உரோமையில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது நாம் வெடித்த வெடிகளுக்கிடையே இச்செய்தி யார் காதிலும் விழவில்லை.

நம் பகுதிக்கு வருவோம். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சிந்தலைச்சேரி போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க விசுவாசம் வேர்விட்டவை. இவ்வூர்ப் பக்கங்களில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டிகளிடம் பேசிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், பாடுகளின் நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தம் வாழ்க்கையில் எது அதற்கு ஒத்திருந்தது என்றும் சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். எங்கே கற்றீர்கள் அம்மா என்றதற்கு, “உபதேசியார் தாத்தா சொல்லிக் குடுத்தது சாமி. நடவு நடையில கூடச் சொல்லுவாரு” என்றார். இறையியல் கல்லூரியில் இதற்கு நீண்ட பெயர்கள் உண்டு. அந்தத் தாத்தாவுக்கு அப்பெயர்கள் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவர் எப்படி மறைந்தார்? இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மீது பழி போடுவோர் சிலர் உண்டு. அது அறியாமை. மறைபரப்புப் பணி பற்றிச் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு உபதேசியார்களை வானளாவப் புகழ்கிறது. அவர்களின் தொகை பெருகவேண்டும் என்கிறது. முழுநேரமாக உழைப்போருக்கு நேர்மையான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் தரவேண்டும் என்றும் சொல்கிறது. சங்கம் ஒன்று சொல்ல நம் பங்குகளில் வேறொன்று நடந்தது. சாலைகள் வந்தன, குருக்களுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. மாதத்திற்கு ஒருமுறை வந்த குரு வாரந்தோறும் வரலானார். சாமியாரே வரும்போது உபதேசியார் எதற்கு என்ற எண்ணம் மெல்ல நுழைந்தது. பள்ளி ஆசிரியர்களும் அருட்சகோதரியரும் மறைக்கல்வியை ஏற்றுக்கொண்டனர். அது நன்மையே, ஆயினும் அதனால் உபதேசியாரின் கையில் மணிக்கயிறு மட்டுமே எஞ்சியது. அறுவடைக்குக் களத்தில் அளந்த நெல்லும் நின்றுபோயிற்று. அவர் மகன் இந்த வேலை வேண்டாம் என்று திருப்பூருக்குப் போனான். அவனைக் குறை சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

குரு அடிக்கடி வருவதாலேயே விசுவாசம் வளர்ந்துவிடும் என்று எண்ணுவது, அணை நிரம்பியிருப்பதாலேயே வயல் விளைந்துவிடும் என்று எண்ணுவதைப் போன்றது. முல்லைப்பெரியாற்று அணை 1895இல் கட்டி முடிந்தது. மலையைக் குடைந்து வரும் அந்நீர்தான் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கு உயிர். ஆனால் வாய்க்கால் தோறும் நடந்து, மடை திறந்து, இந்த வயலுக்கு இவ்வளவு நேரம் என்று பார்த்துப் பாய்ச்சும் ஆள் இல்லையென்றால், நீர் ஆற்றோடு போய் வைகையில் கலக்குமே தவிர, நாற்று நனையாது. ஞாயிறு மறையுரை எவ்வளவு சிறந்ததாயினும், அது எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்ட நீர்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். ஞாயிறு மறைக்கல்வி நடக்கிறதே என்பது முதல் மறுப்பு. நடக்கிறது, அதற்காகத் தம் ஞாயிற்றுக் கிழமைகளைத் தரும் ஆசிரியைகளை வணங்குகிறோம். ஆனால் அது பள்ளியின் அச்சில் வார்க்கப்பட்டிருக்கிறது. வகுப்பு, வருகைப் பதிவு, தேர்வு, மதிப்பெண், பரிசு. பள்ளியின் அச்சில் வார்த்ததற்குப் பள்ளியின் முடிவே உண்டு: தேர்ச்சி பெற்றவன் வெளியேறிவிடுகிறான். உறுதிபூசுதல் பெறும் நாளே நம் இளைஞர்கள் மறைக்கல்வியிலிருந்து ஓய்வுபெறும் நாளாகிவிட்டது. ஆயரின் கை தலைமீது படுவதும் மாணவர் கோவிலின் பின்வாசல் வழியே மறைவதும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979இல் எழுதிய ஊக்கவுரையில், வளர்ந்தோருக்கான மறைக்கல்வியே மறைக்கல்வியின் முதன்மையான வடிவம் என்று தெளிவாக வரையறுத்தார். நம் பங்குகளிலோ வளர்ந்தோருக்கான மறைக்கல்வி என்பது, திருமணத்திற்கு முன் கட்டாயத்தின் பேரில் கேட்கும் இரண்டு மூன்று நாள் வகுப்பு. மணமக்கள் அப்போது எதைக் கேட்கும் மனநிலையில் இருப்பார்கள் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

தியான மையங்கள் இருக்கின்றன, பெருங்கூட்டங்கள் நடக்கின்றன, கைப்பேசியைத் திறந்தால் நல்ல மறையுரைகள் கொட்டிக்கிடக்கின்றன என்பது இரண்டாவது மறுப்பு. வண்டி அமர்த்தி எல்லை தாண்டித் தியானத்திற்குப் போய் வந்தவர்களின் கண்ணீர் பொய்யானதன்று. மனந்திரும்பியவர்கள் உண்டு, குடியை விட்டவர்களும் உண்டு. அதன் பிறகு என்ன என்பதே நம் கேள்வி. ஐந்தாம் நாள் ஊர் திரும்பியவரை ஆறாம் நாள் யார் சந்திக்கிறார்கள்? மூன்றாம் மாதம் அவர் மதுக்கடை வாசலில் மீண்டும் நிற்கும்போது தோளைத் தொட்டு அழைத்துவர யார் இருக்கிறார்கள்? கைப்பேசி மறையுரையாளர் நாவன்மை மிக்கவராக இருக்கலாம். ஆனால் அவருக்கு இவர் யாரென்று தெரியாது.

நம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுக் குரு இக்கொடியைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்ததாக அதையொட்டி வந்த செய்திகள் கூறின. பிற இடங்களில் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் காய்க்கும் கொடி, இங்கே ஆண்டு முழுதும் அறுவடை தருகிறது. அது தானாகவா தருகிறது? சுருளிப்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரைக் கேளுங்கள். பந்தல் போடவேண்டும், கொடியைக் கைப்பிடித்து ஏற்றுவதுபோல் ஏற்றிக் கட்டவேண்டும், கவாத்து செய்யவேண்டும், எந்த மொட்டை விடுவது, எதைக் களைவது என்று ஒவ்வொரு கிளையாகப் பார்க்கவேண்டும், மழைக்காலத்தில் செவட்டை நோய் தாக்காதிருக்க ஒவ்வொரு நாளும் இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். இப்படிச் செய்தால் ஈராண்டுகளில் ஐந்து முறை பலன் எடுக்கலாம். ஒரு வாரம் தோட்டத்துக்குப் போகாதவர் அடுத்த அறுவடையை இழக்கிறார். நம் ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடிக்கும் தந்தையைத் தோட்டக்காரருக்கும் ஒப்பிட்டதன் பொருளை, உலகில் எவரையும்விட நம் பள்ளத்தாக்கு மக்கள் நன்றாக உணரமுடியும். நாமோ அவர்களுக்கு ஆண்டுக்கு மூன்று நாள் தியானத்தைக் கொடுத்துவிட்டு, கனி எங்கே என்று பீடத்தில் நின்று கடிந்துகொள்கிறோம்.

மக்களின் வாழ்க்கை நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஒவ்வொரு நாளும் விடியுமுன் ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுகின்றன. போடிமெட்டும் கம்பம்மெட்டும் குமுளியும் ஏறி இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களில் ஏலம் எடுத்துவிட்டு, அப்பெண்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. அதன்பின் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். ஏலப் பருவத்தில் ஞாயிறும் வேலை நாளாகிவிடுவது உண்டு. இவர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு விவிலிய வகுப்பு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்துவிட்டு, மக்களுக்கு ஆர்வமே இல்லை என்று குருக்கள் கூட்டங்களில் பேசுகிறோம். அதே ஜீப்பில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மலை ஏறும் ஒரு பெண் உபதேசியாராக இருந்தால், அந்தப் பயணமே மறைக்கல்வி வகுப்பாகும். திருத்தூதர் பணி நூலில் பிலிப்பு, எத்தியோப்பிய நிதி அமைச்சருக்கு மறைநூலை விளக்கியதும் ஓடும் தேரில் ஏறி அமர்ந்துதான். பேச்சில் வல்லவரான அப்பொல்லோவைத் தனியே அழைத்துச்சென்று நெறியை இன்னும் திருத்தமாக விளக்கியவர்கள், பிரிஸ்கில்லா, அக்கிலா என்ற கூடாரம் செய்யும் தொழிலாளத் தம்பதியர்.

பிரிவினைச் சபையார் எங்கள் ஆடுகளைத் திருடுகிறார்கள் என்ற புலம்பல் நம் வட்டாரத்தில் ஓயாமல் கேட்கிறது. திருட்டா அது? தேனிப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படிப் போய்விட்ட தாய் ஒருவரிடம் காரணம் கேட்கப்பட்டது. மாதாவைப் பற்றியோ நற்கருணையைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “மக ஆசுபத்திரியில கெடந்தப்ப அவுக மூணு ராத்திரியும் வந்து கூட இருந்தாக சாமி. அதான் போனேன்” என்றார். மூன்று இரவுகள் ஒருவர் வந்து உடன் இருந்திருக்கிறார். பழைய உபதேசியாரின் அன்றாடப் பணி அது. நாம் கைவிட்ட பணியை இன்னொருவர் எடுத்துச் செய்தால் அவரைத் திருடர் என்பது எவ்வகை நீதி?

மூன்றாவது மறுப்பு கனமானது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பழைய உபதேசியார்கள் எல்லாரும் புனிதர்களா, ஊர்ப் பெரிய குடும்பத்தின் கையாள்களாக இருந்தார்களே, சில தெருக்களுக்குள் கால் வைக்க மறுத்தார்களே, சாமியாருக்கும் மக்களுக்கும் இடையே சுவராக நின்றார்களே என்று கேட்கிறார்கள். உண்மை. தந்தைக்குப் பின் மகன் என்று பரம்பரைச் சொத்தாக அப்பதவி இருந்த ஊர்களில், ஒடுக்கப்பட்ட மக்கள் உபதேசியாரிடமிருந்து நற்செய்தியைக் கேட்டதைவிட அதட்டலைக் கேட்டதே அதிகம். அவ்வழக்கம் திரும்ப வரக்கூடாது. ஆனால் சாதியின் கறை படிந்தது என்பதற்காக ஒரு பணியையே ஒழிப்பதானால், நம் திருச்சபையில் எது மிஞ்சும்? கல்லறைத் தோட்டங்களில் சுவர் இருந்தது. கோவில்களுக்குள் தனியிடம் இருந்தது. அதற்காக அடக்கத்தையும் திருப்பலியையும் நிறுத்திவிட்டோமா? தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றுவதே வழி. எத்தெருவுக்குள் பழைய உபதேசியார் நுழைய மறுத்தாரோ அத்தெருவிலிருந்தே புதிய உபதேசியார் வரட்டும். பரம்பரை வேண்டாம், ஆண்டுகள் வரையறுக்கப்பட்ட பொறுப்பாக இருக்கட்டும். பெண்கள் வரட்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதம் தம் திருத்தூது மடலால் வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளுள் ஒன்றாக நிறுவியபோது, பொதுநிலையினரான ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதை ஒருங்கே திறந்துவிட்டார். பணி ஏற்பவர்களுக்கு விவிலியத்திலும் இறையியலிலும் மேய்ப்புப் பணியிலும் தகுந்த பயிற்சி வேண்டும் என்றும் அம்மடல் வற்புறுத்துகிறது.

பணத்திற்கு எங்கே போவது என்பது கடைசி மறுப்பு. இதற்குப் பதில் சொல்லவே கை கூசுகிறது. கோபுரத்திற்குக் கிடைத்த பணம், வண்ண விளக்குகளுக்குக் கிடைத்த பணம், வாணவேடிக்கையாக வானில் போய்க் கரிந்த பணம், ஒரு மனிதரின் ஊதியம் என்றவுடன் எங்கே ஒளிந்துகொள்கிறது? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 231ஆம் சட்டம், திருச்சபையின் சிறப்புப் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து அதற்கெனத் தகுதிபெற்ற பொதுநிலையினருக்குத் தக்க ஊதியம் பெறும் உரிமை உண்டு என்றும், அவர்களின் முதுமைக்கும் மருத்துவத்திற்கும் ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் கூறுகிறது. சட்டம் அதை உரிமை என்கிறது. நாம் அதைத் தருமமாக்கிக் கிறிஸ்மசுக்கு ஒரு வேட்டி கொடுத்து முடித்துக்கொள்கிறோம். தொழிலாளரின் கூலியைப் பற்றி மே முதல் நாளில் மறையுரை நிகழ்த்தும் உரிமை அத்தகைய பங்குக்கு உண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

செய்யக்கூடியது இதுதான். திருவிழா வசூலில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கட்டும். அன்பியங்களில் ஏற்கெனவே பிறர் நம்பிக்கையைப் பெற்றிருப்பவர்கள் உண்டு. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கும் அந்த இருவரையோ மூவரையோ பங்குத்தந்தை அடையாளம் காணட்டும். படிப்பு குறைவு என்று தள்ளவேண்டாம். அவர்களை ஈராண்டுகள், இரவு உணவுக்குப் பிந்திய நேரத்தில், குருவே உடனிருந்து பயிற்றுவிக்கட்டும். நற்செய்தி ஒன்றை முழுமையாக வாசித்து, திருப்பாடல்களால் செபிக்கக் கற்று, நோயாளி அருகில் எப்போது பேசுவது, எப்போது பேசாதிருப்பது என்பதையும் கற்கட்டும். அதன்பின் ஒவ்வொருவர் பொறுப்பிலும் பதினைந்து இருபது குடும்பங்களுக்கு மேல் வேண்டாம். அன்பியக் கூட்டமும் செபமாலை சொல்லிச் சந்தா வசூலித்துக் கலையும் கூட்டமாக நின்றுவிடாது.

இதற்குக் குருக்கள் தரப்பில் வெளியே சொல்லப்படாத தயக்கம் ஒன்று உண்டு. மக்கள் தம் துன்பங்களோடு உபதேசியாரைத் தேடிப் போகத் தொடங்கினால், பங்களாவின் வாசலில் கூட்டம் குறையும். குறையட்டுமே. நட்டவர் ஒருவர், நீர் பாய்ச்சியவர் ஒருவர், விளையச் செய்தவர் கடவுள் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியார், தாம் பாய்ச்சாத நீரைக் குறித்துப் பொறாமை கொள்ளவில்லை.

அடுத்த முறை பங்குப் பேரவையில் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படும்போது, உபதேசியாரின் ஊதியம் எந்தத் தலைப்பின்கீழ் வருகிறது என்று வாசகர்கள் கவனித்துக் கேட்கவேண்டும். மறைக்கல்வி என்ற தலைப்பில் அதைத் தேடினால் கிடைக்காது. கோவில் பராமரிப்பு என்ற தலைப்பில், மின்கட்டணத்திற்கும் துடைப்பம் வாங்கிய செலவுக்கும் இடையே இருக்கும்.